மாமல்லபுரம் அனாதை இல்லங்கள் வழக்கு

மாமல்லபுரம் அனாதை இல்லங்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவதாக 2007-இல் வெளியான செய்திக் கட்டுரையை முன்வைத்து உச்ச நீதிமன்றம் விசாரித்த பொதுநல வழக்கு. குற்றவியல் ரிட் மனு எண் 102/2007. நீதிபதிகள் மதன் பி. லோகூர், தீபக் குப்தா அமர்வு 2017 மே 5-இல் தீர்ப்பளித்தது.

மாமல்லபுரம் அமைந்துள்ள செங்கல்பட்டுப் பகுதிக்குச் சிறுவர் இல்லங்கள் புதியவை அல்ல. சிறுவர்களுக்கான சீர்திருத்தப் பள்ளி 1887-இலேயே செங்கல்பட்டில் தொடங்கப்பட்டது. இன்று அது அரசினர் சிறப்பு இல்லம். 1920-இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. அனாதை இல்லங்களைக் கண்காணிக்கவே 1960-இல் ஒரு மத்தியச் சட்டம் இயற்றப்பட்டது. ஆக, சட்டத்துக்குப் பஞ்சமில்லை. இல்லத்துக்குள் போய்ப் பார்ப்பது யார் பொறுப்பு என்பதில்தான் சிக்கல்.

விசாரணை மாமல்லபுரத்தோடு நிற்கவில்லை. மணிப்பூர், அசாம் குழந்தைகள் படிப்பின் பெயரால் தமிழ்நாட்டு இல்லங்களுக்குக் கொண்டுவரப்படுவது தெரியவந்ததும், 12 வயதுக்குட்பட்டோரை அவ்வாறு வெளிமாநிலங்களுக்கு அனுப்பக் கூடாதென்று 2010-இல் நீதிமன்றம் தடுத்தது.

இறுதித் தீர்ப்பு, எல்லா இல்லங்களும் 2017 டிசம்பர் 31-க்குள் பதிவு பெற வேண்டும் என்றது. ஆய்வுக் குழுக்கள், சமூகத் தணிக்கை, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் ஆகியவற்றையும் கட்டாயமாக்கியது. இவற்றைவிட முக்கியமானது, குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது ஒன்றே வழியல்ல, தத்தும் வளர்ப்புப் பராமரிப்பும் பரிசீலிக்கப்பட வேண்டும் என்று அது வலியுறுத்தியதுதான். கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்குரியதென அறிவிப்பது குழந்தைகள் நலக் குழு. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்டால் நான்கு மாதம் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் விதித்த கெடு. அதன்பின் தத்து ஆணை பிறப்பிப்பது நீதிமன்றத்தின் வேலையாக இருந்தது. தாமதத்தைக் காரணம் காட்டி 2022 செப்டம்பர் முதல் அது மாவட்ட ஆட்சியரிடம் போனது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில், இல்லங்களின் மேற்பார்வையும் தத்து ஆணையும் இன்று ஒரே ஆட்சியரகத்தில் வந்து சேர்கின்றன. விரைவு கூடலாம், ஆட்சியரின் மேசையில் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளை நினைத்தால் ஐயமும் எழுகிறது.

தீர்ப்பு வந்து ஐந்தாண்டுக்குப் பின், 2022 டிசம்பர் 31-இல், விசாரணையை எதிர்நோக்கும் சிறுவர்கள் வைக்கப்படும் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடித்துத் துன்புறுத்தியதாகப் பணியாளர்கள் கைதாயினர். பதிவு பெறாத தனியார் விடுதியில் அல்ல, அரசே நடத்தும் இல்லத்தில் நேர்ந்த சாவு அது. இதையடுத்து, சமூகப் பாதுகாப்புத் துறையின் கீழுள்ள இல்லங்களை ஆராய்ந்து பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழ்நாடு அரசு 2023-இல் அமைத்தது.