ஆழ்கடற் சேற்றின் நுண்ணுயிர்க் கணக்கு

இந்து சமுத்திரத்தின் அபனசி நிகிட்டின் கடலடி மலையில் கோபால்ட் படிவுகளை ஆராய்வதற்கு, 2024 ஜனவரியில் இந்தியா சர்வதேச கடலடி அதிகார சபையிடம் விண்ணப்பித்தது. 2009 இல் இலங்கை ஐ.நா. ஆணைக்குழுவிடம் முன்வைத்த கண்டத்திட்டு உரிமைக்கோரிக்கைக்குள் இம்மலையும் அடங்குகின்றது. உரிமை பற்றிப் பேசும் நாம், அக்கடலடியில் வாழும் உயிர்களையும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஆழ்கடற் சேற்றில் மிகுதியாக இருப்பவை பற்றீரியா முதலான நுண்ணங்கிகளே. இறந்தவற்றைச் சிதைத்து, கடலின் போசணைச் சுழற்சியைப் பேணுபவை இவையே. இவற்றின் பல்வகைமையை அளப்பது இலகுவான காரியமன்று.

முதலில், கப்பலிலிருந்து இறக்கப்படும் குழாய்கள் மூலம் சேறு அடுக்குக் குலையாமல் எடுக்கப்படுகின்றது. வெளிக்கலப்பு நேராத நடுப்பகுதியே ஆய்வுக்கு உகந்தது. முன்னர் அதனைப் போசணை ஊடகத்தில் இட்டு, முளைத்த கூட்டங்களை எண்ணினர். எனினும், இவ்வாறு வளர்பவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. 5,000 மீற்றர் ஆழத்தில் வளிமண்டலத்தைப் போன்று ஏறத்தாழ 500 மடங்கு அமுக்கத்திலும் கடுங்குளிரிலும் வாழ்பவை ஆய்வுகூடத்தில் வளர மறுக்கின்றன. சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் எண்ணினால் தொகை தெரியும், வகை தெரியாது.

இக்குறையை நீக்கியது மரபணு முறையாகும். இறைபோசோம் ஆர்.என்.ஏ.யின் வேறுபாட்டைக் கொண்டு உயிர்களை வகைப்படுத்தலாம் என 1977 இல் கார்ல் வூஸ் காட்டினார். இன்று சேற்றிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, 16 எஸ் எனப்படும் பரம்பரையலகைப் பெருக்கி, அதன் வரிசையை வாசித்து வகைகளைப் பிரிக்கின்றனர். எத்தனை வகைகள் உள்ளன என்பதோடு, அவை எவ்வளவு சமமாகப் பரந்துள்ளன என்பதும் கணக்கிடப்படும். ஆயினும், இறந்த கலங்களின் டி.என்.ஏ.யும் குளிர்ச்சேற்றில் எஞ்சியிருப்பதால் முடிவுகளை நிதானத்துடன் நோக்க வேண்டும்.

மத்திய இந்து சமுத்திர வடிநிலத்தில் 75,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் உலோக முடிச்சுகளை ஆராயும் ஒப்பந்தத்தை இந்தியா 2002 இல் பெற்றது. அதற்கு முன்பே, 1997 இல், சேற்றைக் கிளறி அதன் விளைவுகளை அதன் விஞ்ஞானிகள் கண்காணித்தனர். கிளறுமுன் இருந்த கணக்கு இல்லையேல், கிளறியபின் இழந்ததை எவராலும் கூற முடியாது.

இவ்வாய்வில் நமது நாடு பார்வையாளராக இருத்தல் ஆகாது. இதே முறையால் குளத்துச் சேற்றையும் ஆராயலாம். வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் அண்மையிலுள்ள நெளுக்குளத்திலேயே இதனைப் பயிலலாம். அத்தகைய பயிற்சிக்கு வழிவகுத்து, இளம் ஆய்வாளரை ஆழ்கடல் வரை அழைத்துச் செல்வது அரசின் கடமையாகும்.