வெட்பாலை: சாயத்தொட்டியில் இருந்து தைல பாட்டிலுக்கு

பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டி கடைசியா வர்ற ஊர் கிளாவரை. அங்கே தைலம்னு சொன்னாலே யூகலிப்டஸ்தான். என் பையில் இருந்ததோ ஊதா கலர் வெட்பாலைத் தைலம், அதுவும் குளிரில் மெழுகா உறைஞ்சு கிடந்தது. தங்கின வீட்டுப் பாட்டி என் முழங்கையைப் பார்த்துட்டு, "ஏந்தம்பி, இது ஒட்டுமா?"ன்னாங்க. ஒட்டாது பாட்டி, சொரியாசிஸ்னு சொன்னேன். சலூன்ல இருந்து ஆபீஸ் கேன்டீன் வரைக்கும் பத்து வருஷமா இதே கேள்விதான்.

பாட்டி மேல தப்பில்லை. இந்தக் குழப்பத்துக்கு வயசு அதிகம். யூகி வைத்திய சிந்தாமணி குட்டத்தை 18 வகையா பிரிக்குது; தோலில் வர்ற பலதும் அந்த ஒரே பேருக்குள்ள அடக்கம். ஐரோப்பாவும் பெருசா முன்னேறிடலை. வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா 1841-ல் தெளிவா பிரிச்சுக் காட்டுற வரைக்கும், சொரியாசிஸ்காரர்கள் தொழுநோயாளிகளோட சேர்த்தே ஒதுக்கப்பட்டாங்க. நம்ம சித்த மருத்துவர்கள் இதுக்கு வெச்சிருக்கிற பேர் காளாஞ்சகப்படை.

சரி, வெட்பாலைக்கு வருவோம். இந்த மரத்தை கம்பெனிக்காரன் மருந்துக்காகத் தேடலை. 18-ஆம் நூற்றாண்டு கடைசியில் சாமல்கோட்டையில் இருந்த கம்பெனி டாக்டர் வில்லியம் ராக்ஸ்பரோ, இதோட இலையை வெந்நீரில் ஊறவெச்சு நீலச்சாயம் எடுத்தார். அவுரிக்குப் போட்டியா ஒரு சாயம், அவ்வளவுதான் கணக்கு. ரைட்டியா டிங்டோரியா என்ற தாவரப் பெயரில் டிங்டோரியான்னா சாயத்துக்கானதுன்னு அர்த்தம். (ரைட்டியா, ஸ்காட்லாந்து டாக்டர் வில்லியம் ரைட் நினைவா வந்தது. மரத்துக்குச் சொந்தக்காரனைத் தவிர எல்லார் பேரும் இருக்கும்!) 1897-ல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இலைச்சாய வியாபாரம் படுத்துடுச்சு.

மரம் வைத்தியர் வீட்டில் பிழைச்சுக்கிச்சு. செய்முறை ரொம்ப சிம்பிள். இலையை இரும்பு படாம கையால கிள்ளி, தேங்காயெண்ணெயில் போட்டு, கண்ணாடி பாட்டிலில் சில நாள் வெயில்ல வைக்கணும். அடுப்பே கிடையாது, சூரிய புடம். பச்சை இலை போட்ட எண்ணெய் கருஊதாவா மாறும். 1981-ல் கிருஷ்ணமூர்த்தி, கலைமணி, வேலுச்சாமி மூணு பேரும் காளாஞ்சகப்படைக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை ஆயுர்வேத, சித்த ஆராய்ச்சி இதழில் வெளியிட்டாங்க. இன்னைக்குக் கடையில் 777 ஆயில்னு கிடைக்கிறதும் வெட்பாலைதான்.

எனக்கு சுவாரசியமா பட்டது அந்த ஊதாதான். வெட்பாலை இலையில் இண்டிகோ, இண்டிரூபின் ரெண்டும் இருக்கு. ஒண்ணு நீலம், இன்னொண்ணு சிவப்பு. கலந்தா ஊதா. எண்ணெயோட நிறத்துக்கு இதுதான் காரணம்னு நினைக்கிறேன்.

இப்ப தைவானுக்கு ஒரு தாவு தாவுவோம். சீன வைத்தியத்தில் சிங்-தாய்னு ஒரு நீலப்பொடி உண்டு. 2008-ல் அங்கே 42 சொரியாசிஸ் நோயாளிகளுக்கு ஒரு பக்கம் இந்த நீலக் களிம்பு, மறுபக்கம் மருந்தில்லாத வெறும் களிம்புன்னு 12 வாரம் தடவினாங்க. நீலம் தடவின இடம் 31 பேருக்கு முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ தெளிஞ்சது. அதில் வேலை செய்யுறது முக்கியமா இண்டிரூபின்னு அப்புறம் கண்டாங்க. அந்தப் பொடி வர்ற செடி ஸ்ட்ரோபிலாந்தஸ் இனம், அதாவது கிளாவரைப் பக்கத்து மலைகளில் 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற நம்ம குறிஞ்சிக்குப் பங்காளி!

இதை வெச்சு வெட்பாலை சொரியாசிஸை ஒழிச்சிடும்னு கிளம்பிடாதீங்க. தைவான்காரங்க தடவினது வேற செடி, வேற அளவு. எனக்கு செதில் உதிர்வதும் அரிப்பும் குறையுது, திரும்பவும் வருது, திரும்பவும் தடவுறேன். மூட்டு வலி சேர்ந்து வந்தா எண்ணெயை நம்பி உட்காரக் கூடாது, டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

ராத்திரி தடவிட்டுப் படுக்கிறவங்க வெள்ளைத் தலையணை உறையை மட்டும் எடுத்து உள்ளே வெச்சிடுங்க. ராக்ஸ்பரோ எடுத்த சாயம் லேசில் போகாது.