ரயில் போன வழியில் நடந்தவர்கள்

1957 ஜூலை 3. காலையில் ரயிலேறி சிகாகோவுக்கு வேலைக்குப் போனவர்கள், வீடு திரும்ப ரயில் இல்லாமல் தவித்தார்கள். நண்பகலோடு பயணிகள் சேவையை நிறுத்திவிட்டது 'சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின்' நிறுவனம். கார்களோடும் புதிய நெடுஞ்சாலையோடும் அதனால் போட்டி போட முடியவில்லை. 1959-ல் சரக்கு ரயிலும் நின்றது.

மிஞ்சியது நீண்டு ஒடுங்கிய ஒரு நிலம். அதைத் துண்டு போட்டு விற்றால் என்ன ஆகும்? ஒரு துண்டில் வீடு, இன்னொன்றில் கார் நிறுத்துமிடம். பிறகு மறுபடி ஒன்றுசேர்ப்பது நடக்கிற காரியமா?

1963-ல், எழுபது வயதான இயற்கையியலாளர் மே தீல்கார்ட் வாட்ஸ் 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த வழியை நடைபாதை ஆக்குவோம், தாமதித்தால் புல்டோசர்கள் முந்திக்கொள்ளும் என்பதே அதன் சாரம். ஆதரவாளர்கள் திரண்டார்கள். 1966-ல் டூபேஜ் வட்டார நிர்வாகத்திடமிருந்து நிலம் குத்தகைக்குக் கிடைத்தது. 'இல்லினாய்ஸ் பிரெய்ரி பாத்' உருவானது. இன்று அதன் நீளம் சுமார் 100 கிலோமீட்டர்.

1983-ல் அமெரிக்கச் சட்டமே திருத்தப்பட்டது. கைவிடப்படும் ரயில் வழியை அறுபடாமல் காத்து, மக்கள் பாதையாகப் பயன்படுத்தலாம். பின்னாளில் தேவைப்பட்டால் மீண்டும் ரயிலும் விடலாம்.

துண்டுகளின் விலையை எல்லாம் கூட்டினாலும் முழுப் பாதையின் மதிப்பு வராது. அந்தக் கணக்கை நேரத்தோடு போட்டுப் பார்த்தவர் வாட்ஸ்.