வட்ஸ்அப் பறிபோனால் அடுத்த வழி எது? வன்னிக் குடும்பங்களுக்கும் அமைப்புகளுக்குமான வழிகாட்டி

ஒரு கிராம அமைப்பின் வட்ஸ்அப் குழுவை நடத்துபவரின் கணக்கு பிறர் கைக்குப் போய்விட்டது என வைத்துக்கொள்வோம். அதை முதலில் கவனித்த உறுப்பினர் என்ன செய்வார்? பெரும்பாலும் அதே குழுவிலேயே, "அண்ணையின்ர வட்ஸ்அப்பை ஆரோ பிடிச்சிட்டாங்கள், எல்லாரும் கவனம்" என்று எழுதுவார். அடுத்து என்ன செய்வது, எங்கே கூடுவது என்பதும் அங்கேயே பேசப்படும். கணக்கைப் பறித்தவர் அத்தனையையும் உள்ளே இருந்தபடி வாசித்துக்கொண்டிருப்பார்.

இணையத் தாக்குதலை எதிர்கொள்வதில் முதல் விதி இதுதான்: தாக்கப்பட்ட வழியால் தாக்குதலைப் பற்றிப் பேசக்கூடாது. அதற்கு இரண்டாவது வழி ஒன்று முன்கூட்டியே இருக்க வேண்டும்.

வன்னியில் இது வெறும் தொழில்நுட்ப விடயம் அல்ல. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியிலும், 24ஆம் திகதி வவுனியாவிலும், மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவிலும் தொடர் போராட்டங்களை ஆரம்பித்தனர். இத்தகைய பணிகளில் நிற்பவர்களின் கைத்தொலைபேசிகளில் பெயர்கள், படங்கள், சாட்சியங்கள், வெளிநாட்டு உறவுகளின் இலக்கங்கள் எல்லாம் இருக்கும். ஒரு கணக்கு பறிபோனால் அந்த ஒருவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை.

நாட்டில் நடந்தவை

2023 ஓகஸ்ட் இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்குரிய பிரதிகள் வேறிடத்தில் இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், ஒரேயொரு தொலைபேசியில் எல்லாவற்றையும் வைத்திருக்கும் சிறிய சங்கத்தின் நிலை என்ன?

கணக்கு பறிபோகாமலே வழி அடைபட்ட சந்தர்ப்பங்களும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி வன்முறைகளின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் முகநூல், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அரசாங்கம் நாடு முழுவதும் நாட்கணக்கில் முடக்கியது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் சுமார் 15 மணி நேரம் முடக்கப்பட்டன. அப்போதெல்லாம் வட்ஸ்அப்புக்குப் பதிலாக வைபரை வைத்திருந்தவருக்குப் பயன் இருக்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே நின்றுபோயின.

எனவே, இரண்டாவது வழி முதலாவது வழி நிற்கும் அதே தூணில் நிற்கக்கூடாது. ஒரே சிம் அட்டை, ஒரே மின்னஞ்சல், ஒரே கைத்தொலைபேசி ஆகியவற்றை நம்பியிருக்கும் இரண்டு செயலிகள் உண்மையில் ஒரு வழிதான்.

எதைத் தெரிவு செய்வது?

இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த வழியை யாரால் துண்டிக்க முடியும்? இந்த வழியில் பேசுவதை யாரால் கேட்க முடியும்? எந்தக் கருவியும் இரண்டுக்கும் முழுமையான விடை தராது.

சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும்: இணையம் முடக்கப்பட்டாலும் இவை பெரும்பாலும் இயங்கும். ஆனால் தொலைபேசி நிறுவனத்தால் பார்க்கக்கூடியவை. எனவே எச்சரிக்கை கொடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். மறைமொழிகள் வேண்டாம், எங்கள் மண்ணில் அவையே சந்தேகத்தைக் கிளப்பும். "எனது வட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்" என்ற வெளிப்படையான ஒரு வசனம் போதும்.

சிக்னல்: உரையாடல், குழு, அழைப்பு எல்லாம் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே விளங்கும்படி பூட்டப்பட்டவை. குறித்த காலத்தின் பின் செய்திகள் தாமாக அழியும்படியும் வைக்கலாம். பதிவு செய்யத் தொலைபேசி இலக்கம் தேவை. ஆகவே இரகசிய இலக்கப் பூட்டைக் கட்டாயம் இயக்குங்கள். அன்றாடம் வட்ஸ்அப் பாவிக்கும் குழுவுக்கு இது நல்ல இரண்டாவது வழி. முடிந்தால் வேறு சிம்மில், வேறு தொலைபேசியில் வையுங்கள்.

பிரையர்: அன்ட்ரொய்ட் தொலைபேசிகளில் இயங்கும். தொலைபேசி இலக்கம் தேவையில்லை. இணையம் நின்றாலும் அருகில் உள்ள தொலைபேசிகளுக்கு புளூடூத், வைபை மூலம் செய்தி போகும். ஆனால் புளூடூத் எட்டுவது ஒரு வீடு அல்லது மண்டபத்தின் அளவுக்குத்தான். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகாது. கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்கவும் முடியாது.

டெலிகிராம்: பாதுகாப்பானது என்று பலர் நம்புகின்றனர். ஆனால் அதன் குழுக்களும் வழமையான உரையாடல்களும் முனைக்கு முனை பூட்டப்பட்டவை அல்ல. சாட்சியங்களைப் பகிர உகந்ததல்ல.

வட்ஸ்அப்: செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன. ஆனால் கூகுள் கணக்கில் சேமிக்கப்படும் பிரதிக்கான பூட்டை நீங்கள்தான் தனியாக இயக்க வேண்டும்.

கருவி காக்காத இடம்

2025 மார்ச்சில் அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் யேமன் மீதான தாக்குதல் பற்றி சிக்னல் குழுவொன்றில் பேசினர். அந்தக் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். பூட்டு உடையவில்லை, ஆளைச் சேர்த்ததில்தான் பிழை. அவசரக் குழுவில் ஐந்தாறு பேர் போதும். ஒவ்வொருவரையும் நேரில் கண்டு சேருங்கள். ஒருவர் விலகினால் அன்றே நீக்குங்கள்.

திறந்த நிலையில் பறிக்கப்பட்ட தொலைபேசியை எந்தச் செயலியும் காக்காது. தேவையற்ற படங்களையும் பெயர்களையும் அதில் வைத்திருக்காதிருப்பதே காப்பு. அழிக்க முடியாத சாட்சியமாயின், பூட்டிய பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும்.

இப்போதே செய்யக்கூடியவை

சிம் அட்டை யாருடைய பெயரில் உள்ளது எனப் பாருங்கள். அது இறந்தவர் அல்லது வெளிநாடு போனவர் பெயரில் இருந்தால், தொலைந்த இலக்கத்தை மீளப் பெறுவது கடினம். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்குங்கள். வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

முக்கிய இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பெயரும் இலக்கமும் போதும். வேறு விபரம் வேண்டாம். அவசரத்தில் யார் யாருக்கு அழைப்பது என்பதை முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, கூட்டம் நடக்கும் நாளில், இரண்டாவது வழியால் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பழகாத வழி அவசரத்தில் உதவாது.

தாக்குதல் நடந்தால்

அந்தக் குழுவில் எதுவும் பேசாமல், இரண்டாவது வழியால் மற்றவர்களுக்கு அறிவியுங்கள். பறிபோன வட்ஸ்அப் கணக்கை உங்கள் இலக்கத்தால் மீண்டும் பதிவு செய்தால், பறித்தவர் வெளியேற்றப்படுவார். அவர் இரகசிய இலக்கம் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே செல்ல ஏழு நாட்கள் வரை காத்திருக்க நேரலாம். இணைக்கப்பட்ட சாதனங்களில் தெரியாதவற்றை நீக்குங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை, பாதிக்கப்படாத வேறு தொலைபேசியிலிருந்து மாற்றுங்கள்.

அந்தக் கணக்கிலிருந்து காசு கேட்டோ, ஆவணம் கேட்டோ செய்தி வந்தால், புலம்பெயர் உறவுகளும் சரி, ஊரில் உள்ளவர்களும் சரி, பழைய இலக்கத்துக்குத் தாமே அழைத்துப் பேசிய பின்னரே நம்ப வேண்டும்.

போர்க்காலத்தில் வன்னியில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனபோது, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக வந்த ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். வழி அடைபட்ட பின் வழி தேடுவது எவ்வளவு கடினம் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. இன்று அந்த இரண்டாவது வழியை அமைக்க ஒரு மாலைப்பொழுது போதும். அடுத்த கூட்டத்திலேயே அதைச் செய்துவிடலாம்.