பாதை யாருடைய பருவம்

நண்பர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். கவிதை எழுதுகிறவர், நகரத்தில் குமாஸ்தா உத்தியோகம். புதுச்சேரியிலிருந்து கடற்கரைப் பாதையாக வேளாங்கண்ணி வரை நடக்க வேண்டும், பக்தி ஒன்றும் காரணமில்லை, எந்த மாதம் சௌகரியம் என்று கேட்டிருந்தார். பாகூர்ப் பக்கம் குடியிருக்கிறவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. ‘தை’ என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினேன். தபாலில் சேர்க்க மனம் வரவில்லை. அதற்கான காரணங்கள்தான் இந்தக் கட்டுரை.

தை என்றது பொய்யல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாகூர் ஏரியில் நீர் தளும்பி, தென்பெண்ணையும் வெள்ளாறும் வடிந்து, காலை ஒன்பது மணி வரை பனி நிற்கும் மாதம் அது. ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நாளுக்கு முப்பது வீதம் நடந்தால் ஆறு நாள். உடம்பைக் கேட்டால் தை, விட்டால் மாசி என்றுதான் சொல்லும். ஆனால் தையில் அந்தப் பாதையில் அநேகமாக யாரும் நடப்பதில்லை. ஆகஸ்ட் கடைசியில் கன்னியக்கோவில் திருப்பத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். முள்ளோடை வரைக்கும் காவித் துணி. கைவண்டியில் மாதா சொரூபம், அதன் பின்னால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள். நெற்றியில் குங்குமம் உள்ளவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. தார்ச்சாலை பிற்பகல் நான்கு மணிக்கும் சுடுகிறது. நடப்பதற்கு மோசமான மாதங்களில் ஒன்றை இத்தனை பேர் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

திருவிழா அப்போதுதானே என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் மாதாவின் பிறந்த நாள். அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு. மக்காவிலிருந்து கொழும்புக்குப் போன போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று புயலில் சிக்கியது. மாலுமிகள் மாதாவை வேண்டி இங்கே கரை சேர்ந்தார்கள். அந்த நாள் செப்டம்பர் 8. மக்கா என்றால் இங்கே சீனத்துக் கரையிலிருந்த போர்ச்சுகீசியத் துறைமுகமான மக்காவ். நம்பிக்கையை நான் விசாரிக்கவில்லை, காற்றை விசாரிக்கிறேன். பாய்மரக் காலத்தில் மக்காவிலிருந்து மேற்கே வரும் கப்பல் வடகிழக்குக் காற்றோடு, குளிர்காலத்தில் கிளம்பும். செப்டம்பரில் வங்கக் கடலில் காற்று இன்னும் தென்மேற்கிலிருந்தே அடித்துக்கொண்டிருக்கும்; கொழும்பை நோக்கி வருகிற கப்பலுக்கு அது எதிர்க்காற்று. கப்பல் வந்தது உண்மையாகவே இருக்கலாம். வந்த தேதி மட்டும் ஏற்கனவே இருந்த ஐரோப்பியத் திருநாளிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்று நினைக்கிறேன். ஆக, நடக்கிறவர்களின் பருவத்தை நிர்ணயித்தது கடலும் இல்லை, வயலும் இல்லை. வேறெங்கோ அச்சான ஒரு நாட்காட்டி.

நாட்காட்டி என்பது இந்த மண்ணில் எத்தனை வழுக்கலான விஷயம் என்பதற்குப் பாகூரே சாட்சி. 1752-இல் இங்கே நடந்த சண்டையில் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ், தூப்ளேயின் உறவினரான கெர்ழானின் படையை விடியற்காலையில் முறியடித்தார். ஆங்கிலேயருக்கு அன்று ஆகஸ்ட் 26. எதிரே நின்ற பிரெஞ்சுக்காரருக்குச் செப்டம்பர் 6. ஒரே வயல், ஒரே விடியல், இரண்டு தேதி. பிரெஞ்சுக்காரர் கிரிகோரியக் கணக்குக்கு எப்போதோ போய்விட்டார்கள். ஆங்கிலேயர் பழைய கணக்கிலேயே இருந்தார்கள். அவர்கள் தேசம் மாறியது அந்தச் செப்டம்பரில்தான்: 2-ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14 என்று சட்டம் போட்டார்கள். பாகூரில் சேற்றில் கிடந்தவர்கள் எந்தத் தேதியில் செத்தார்கள் என்று கேட்டால் எந்தக் கொடியின் கீழ் என்று திருப்பிக் கேட்க வேண்டும். வயலுக்குச் சொந்தக்காரனுக்கு அது ஆவணி மாதம், அவ்வளவுதான்.

கப்பற்படைக்காரர்களுக்குப் பருவம் என்பது உயிர்ப் பிரச்னை. அக்டோபர் பாதியில் சோழமண்டலக் கரையை விட்டு விலகிவிட வேண்டும் என்பது அவர்களுக்கு வேதவாக்கு. 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த கையோடு அங்கே தங்கிவிட்ட லபூர்தொனேயின் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. 1761 புத்தாண்டன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களுக்கும் அதே கதி. ஆனாலும் பதினைந்தே நாளில் புதுச்சேரி விழுந்தது. நிலத்தில் நடக்கிறவனுக்கும் ஐப்பசி, கார்த்திகை கதவடைப்புதான். சுண்ணாம்பாறு, பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று கடற்கரைப் பாதை முகத்துவாரங்களை ஒவ்வொன்றாகக் கடக்கும் பாதை. பாலங்கள் வந்த பிறகு இது மறந்துபோயிற்று. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் கரை கடந்து 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, தொடர்ந்து சாத்தனூர் அணையும் திறக்கப்பட்டுப் பெண்ணை ஊருக்குள் வந்தபோது, எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மார்கழியையும் நம்ப முடியாது. ‘தானே’ வந்தது 2011 டிசம்பர் 30-இல். 2004 டிசம்பர் 26, பௌர்ணமி ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு வந்து வேளாங்கண்ணியில் தங்கியிருந்த யாத்ரீகர்களை வானம் வெளுத்த இதமான காலையில் கடல் கொண்டுபோயிற்று. அன்று சீதோஷ்ணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுனாமிக்குப் பருவம் கிடையாது என்பது வேறு விஷயம்.

சித்திரையிலிருந்து ஆனி வரை வெயிலுக்குப் போகட்டும். வில்லியனூர் லூர்து மாதா கோயில் திருவிழா அந்த வெயிலின் வாசலில்தான் வருகிறது, ஈஸ்டரை ஒட்டி. 1877-இல் எழுந்த அந்தக் கோயில் ஆச்சரியமாகச் சந்திரனைப் பின்பற்றுகிறது. ஈஸ்டர் பௌர்ணமிக் கணக்குதானே. இரண்டு வருஷம் கழித்து 1879-இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக ரயில் வந்தது. அந்தத் திருவிழாவுக்கு நெடுநடை யாத்திரை வேளாங்கண்ணி அளவுக்குப் பெருகாததற்கு ரயிலும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

மிஞ்சுவது இரண்டு: தை மாசி ஒன்று, ஆவணி ஒன்று. முதலாவதில் நடக்கிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் தெய்வங்கள். மாசி மகத்தன்று மயிலத்து முருகனும் திண்டிவனத்துப் பெருமாளும் தீவனூர்ப் பிள்ளையாரும் வைத்திக்குப்பத்துக் கடலுக்கு வருகிறார்கள். வில்லியனூர்க்காரர்களுக்குத் திருக்காஞ்சியில் சங்கராபரணிக் கரை, கடலூர்ப் பக்கத்துக்குத் தேவனாம்பட்டினம். நேர்த்தியான பருவம். சம்பா அறுத்துக் களம் காலியாகி, நெல் வீட்டுக்குள் வந்து, பனி விலகி, வெயில் இன்னும் ஏறாத வாரங்கள். வழிநெடுக மண்டகப்படி, பானகம், நீர்மோர். ஆனால் மண்டகப்படி யார் பெயரில், சுவாமி எந்தத் தெருவில் திரும்பும், எந்தத் தெருவுக்குத் திரும்பாது என்பதையும் அதே களஞ்சியங்கள்தான் நிர்ணயித்தன. நல்ல பருவம் நெல் வைத்திருந்தவனின் பருவமாக இருந்தது. சரித்திரத்தில் கோயில் நிலம், ஏரிப் பாசனம் என்று அத்தியாயம் எழுதுகிறவர்கள் இதைத் தனியாக எழுதுவதில்லை.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த ஞானமல்ல. சில வருஷங்களுக்கு முன் அடுத்த தெரு அம்மாள் ஒருத்தி ஆவணி நடைக்குக் கிளம்பினாள். அறுபது வயது, வயல் வேலை. கோயிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், ஞானஸ்நானம் வாங்கியவள் அல்ல. நான், படித்தவனுடைய அக்கறையோடு, “இந்த வெயில்ல எதுக்குமா? தையில போனா சுகமா இருக்குமே” என்றேன்.

“தையிலயா? அறுப்ப வுட்டுட்டு மாதாகிட்ட போயி என்னத்தக் கேக்கறது தம்பி?” என்றாள்.

பிறகு விவரமாகச் சொன்னாள். சொர்ணவாரி அறுத்தாயிற்று. சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறது. நாற்று வளருகிற நாட்களில் கூலி கிடையாது. புரட்டாசியில் நடவு வந்துவிட்டால் அப்புறம் கால் நகராது. வெயிலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நடவு வயலில் அவளுக்கு இல்லாத வெயிலா?

அன்று அவளோடு கடலூர் வரை நடந்தேன். பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சக்குப்பத்தில் இரண்டு கொப்புளத்தோடு பஸ் ஏறித் திரும்பினேன். அவள் போய்ச் சேர்ந்தாள்.

எங்கோ அச்சான நாட்காட்டி என்று மேலே எழுதியதை இப்போது கொஞ்சம் திருத்த வேண்டும். தேதி வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் இந்தக் கரையில் வேலையில்லாத ஒரு மாதத்தின் மேல் அது வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் வேர் பிடித்தது. தேவதச்சனோ பாதிரியாரோ திட்டமிட்ட பொருத்தமல்ல இது. மேட்டூர் அணை 1934-இல் முடிவதற்கு முன் ஆடி ஆவணியில் கொள்ளிடத்தில் புதுவெள்ளம் சுழித்தோடிய காலத்தில், தெற்கே போகிறவன் ஓடத்துக்குக் காத்துக் கிடந்திருப்பான். கிடக்க அவனிடம் நாள் இருந்தது. நாற்று வளரும் வரைக்கும்.

இப்போது அறுப்புக்கு மிஷின் வந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் பருவத்தையே நகர்த்துகிறார்கள். நூறு நாள் வேலை எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. நடக்கிற கூட்டத்திலும் வயலையே பார்க்காத, கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிற பையன்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் எப்படி லீவு வாங்குகிறார்கள் என்று ஒருவனைக் கேட்டேன். வாங்குவதில்லை, நின்றுவிடுகிறோம், திரும்பி வந்து வேறு கம்பெனி தேடுகிறோம் என்றான்.

பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆகஸ்ட் 30 சாயங்காலம் கன்னியக்கோவில் திருப்பத்தில் நிற்பதாக நண்பருக்கு எழுதினேன். பதில் வந்தது. ஆகஸ்டில் ஆபீஸில் தணிக்கை, தையில் பொங்கலை ஒட்டி நான்கு நாள்தான் தனக்கு முடியும், நான்கு நாளில் எது வரை நடக்கலாம் என்று கேட்டிருக்கிறார். கொள்ளிடம் தாண்டிச் சீர்காழி வரை போகலாம்.