காலப் பிழையும் தொடர்ச்சிப் பிழையும் (திரைப்படம், தொலைக்காட்சி)

ஒரே காட்சியின் அடுத்தடுத்த ஷாட்டுகளில் உடை, ஒப்பனை, பொருள்களின் இடம் காரணமின்றி மாறுவது தொடர்ச்சிப் பிழை. கதை வரிசைப்படி படப்பிடிப்பு நடக்காததே இதற்கு முதன்மைக் காரணம். கதைக்காலத்துக்குப் பொருந்தாத பொருளோ பெயரோ இடம்பெறுவது காலப் பிழை.

கற்பனை ஊரில் நிகழும் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) போன்ற கௌபாய் படத்துக்கு வரலாற்றுக் கட்டுப்பாடு குறைவு. உண்மையான ஊரில் நிகழும் படத்துக்கு அது மிகுதி.

மாவட்டமும் மாநிலமும் காலத்துக்குக் காலம் மாறிய திருத்தணி இதற்குத் தக்க சான்று. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அங்கே பிறந்த 1888-இல் அது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வூர் பின்னர் சேர்ந்த சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவானது. 1953-இல் ஆந்திராவுக்குச் சென்ற ஊர், ம.பொ. சிவஞானம் (ம.பொ.சி.) முன்னின்ற போராட்டத்தால் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தில் இணைந்தது. ‘தமிழ்நாடு’ என்ற பெயர் 1969-இல் நடைமுறைக்கு வந்தது. இவற்றைப் பிழையறக் காட்டுவது, எல்லைக்காகப் போராடியவர்களுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.