காதுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? - ஹெட்போன் ஆம்ப்ளிபையரின் கதை



"நல்ல இயர்போன் வாங்கிட்டேன், இதுக்கு ஒரு ஆம்ப்ளிபையர் வாங்கலாமா?" இந்தக் கேள்வியை இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் எங்கள் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் ஓசூர் பக்கமும் ஷிப்ட் வேலை பார்க்கும் நண்பர்கள். கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி, சில நாள் அதற்கு மேலும். அந்த நேரம் முழுக்க காதில் பாட்டு. நான் எலக்ட்ரானிக்ஸ் படிப்பதால் பதில் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: பெரும்பாலும் வேண்டாம். ஆனால் ஏன் வேண்டாம் என்பதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஹெட்போன் முதலில் பாட்டு கேட்பதற்காக வந்த சாமான் இல்லை. டெலிபோனுக்காக வந்தது. 1891ல் பிரான்ஸ் நாட்டு எர்னஸ்ட் மெர்க்காடியர் என்பவர் காதுக்குள் செருகிக் கொள்ளும் குட்டி ரிசீவர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். காது வலிக்காமல் இருக்க ரப்பர் உறை, வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கவும் அதே ரப்பர். இன்று நாம் "இன்-இயர்" என்று பெருமையாக வாங்குவது 1891லேயே காகிதத்தில் இருந்தது!

அடுத்தவர் நத்தானியேல் பால்டுவின். அமெரிக்காவின் யூட்டா மாகாணத்துக்காரர். 1910 வாக்கில் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையாலேயே ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். கடற்படை சோதித்துப் பார்த்து அசந்துபோய் ஆர்டர் கொடுத்தது. அவர் செய்தது என்னவென்றால், காந்தங்களுக்கு நடுவே ஒரு சின்ன இரும்புத் தகடை தராசு முள் மாதிரி சமநிலையில் நிறுத்தி, அதன் அசைவை ஒரு மைக்கா தகடுக்குக் கடத்தினார். மிக மிகக் குறைந்த மின்சாரத்துக்கும் அந்தத் தகடு அசையும். "பேலன்ஸ்டு ஆர்மேச்சர்" என்று இன்றைய விலை உயர்ந்த இயர்போன் பெட்டிகளில் அச்சடித்திருக்கிறார்களே, அடிப்படை அதேதான்.

கடற்படைக்கு ஏன் இவ்வளவு நுணுக்கமான ஹெட்போன் தேவைப்பட்டது? அந்தக் காலத்தில் ஒலியைப் பெருக்கித் தர ஆளில்லை. வால்வு அப்போதுதான் பிறந்து தவழ்ந்து கொண்டிருந்தது. ஆன்டெனாவில் எவ்வளவு சக்தி வந்து விழுகிறதோ அதை வைத்தே காது கேட்டாக வேண்டும். ஆக, ஆம்ப்ளிபையர் இல்லாத குறையை ஈடுகட்டப் பிறந்ததுதான் நுண்ணுணர்வுள்ள ஹெட்போன். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. அதே வருடம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பம். டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமா? 40 வாட். நம் வீட்டில் முன்பு எரிந்த ஒரு குண்டு பல்பின் அளவு! பின்னர் 200 வாட்டாக உயர்த்தினார்கள். வால்வு ரேடியோ வாங்க வசதி இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குக் கிரிஸ்டல் செட்.

கிரிஸ்டல் செட் என்பது ஒரு அற்புதம். பேட்டரி கிடையாது, கரண்ட் கிடையாது. காலினா என்ற ஈயத்தாதுக் கல் ஒரு துண்டு, அதைத் தொட்டுக் கொண்டு ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பிக்குப் "பூனை மீசை" என்று பெயர். மீசையைக் கல்லின் மேல் அங்கே இங்கே நகர்த்தி நல்ல இடம் பிடித்தால் பாட்டு கேட்கும். யாராவது மேஜையை இடித்தால் போச்சு, மறுபடி தேட வேண்டும். காலினாவை வைத்து அலைகளைக் கண்டறியும் கருவிக்கு 1904லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீஷ் சந்திர போஸ் என்பது இன்னொரு பெருமை. அந்த செட்டுடன் சேர்ந்த ஹெட்போனின் மின்தடை 2000 ஓம், 4000 ஓம் என்று இருக்கும். தலைமுடியை விட மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு சக்தி கிடைத்தாலே போதும், வீட்டில் எல்லோரும் வாயை மூடிக் கொண்டால் கச்சேரி கேட்கலாம்.

பணமில்லாமல் 1927ல் கிளப்பின் ஒலிபரப்பு நின்றது. கருவிகளை சென்னை மாநகராட்சி வாங்கிக் கொண்டு 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். இங்கேதான் கதை திரும்புகிறது. ஒரு ஆள் காதில் மாட்டிக் கேட்டது போய், ஊரே நின்று கேட்கும் ஒலிபெருக்கி வந்துவிட்டது. வால்வு வந்தபின் சக்திக்குப் பஞ்சமில்லை. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தபோது ரேடியோ என்றால் நடுக்கூடத்துப் பெட்டி என்று ஆகிக் கொண்டிருந்தது. ஹெட்போன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் ராணுவத்துக்கும் ஒதுங்கிப் போனது.

(இங்கே போச்சம்பள்ளியில் அந்த 40 வாட் கேட்டிருக்குமா என்று கேட்காதீர்கள். கிரிஸ்டல் செட்டில் வாய்ப்பே இல்லை.)

நடுவில் நாற்பது வருடங்களைத் தாண்டிவிடலாம். 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்தது. ஹெட்போன் மறுபடி தெருவுக்கு வந்தது. வாக்மேனில் யாரும் "இரைச்சல் கேட்கிறது" என்று ஆம்ப்ளிபையரைக் குறை சொல்லவில்லை. ஏனென்றால் கேசட் டேப்பே "உஸ்ஸ்" என்றுதான் ஓடும். பாட்டுக்கு 50 டெசிபல் அளவே கீழே டேப்பின் இரைச்சல் இருக்கும்போது உள்ளே இருக்கும் ஆம்ப்ளிபையரின் இரைச்சலை யார் கவனிப்பார்கள்? 1984ல் சோனி கையடக்க சிடி பிளேயர் கொண்டு வந்தது. டேப் இரைச்சல் போனது. ஆனால் இன்னொரு பிரச்சனை முளைத்தது. வீட்டில் கேட்பதற்கென்று செய்த சென்ஹைசர் மாதிரியான 300 ஓம் ஹெட்போன்களை இந்தக் குட்டிப் பெட்டிகளில் மாட்டினால் சத்தம் பத்தவில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். 300 ஓம் ஹெட்போன், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் தருகிறது என்று வையுங்கள். பாட்டின் உச்சத்தில் 110 டெசிபல் வேண்டுமென்றால் 20 மில்லிவாட், அதாவது கிட்டத்தட்ட 2.45 வோல்ட் வேண்டும். இரண்டு பேட்டரியில் ஓடும் பெட்டியால் முடியுமா? முடியாது. கையடக்க ஹெட்போன் ஆம்ப்ளிபையர் பிறந்தது இதற்காகத்தான். 1992ல் அமெரிக்காவின் மான்டானாவில் ஹெட்ரூம் என்ற கம்பெனி இதையே தொழிலாகத் தொடங்கியது. 1998ல் சூ மோய் என்பவர் ஒரு எளிய சர்க்யூட்டை எல்லோருக்கும் வெளியிட்டார். ஒரு ஐ.சி., நாலைந்து ரெசிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, எல்லாவற்றையும் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடைத்துவிடலாம். உலகம் முழுக்க மாணவர்கள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தது இந்த டப்பாவால்தான். சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ ஒரு நடை போனால் எல்லா சாமானும் கிடைக்கும்.

அந்த சர்க்யூட்டின் பெருக்கம் 11 மடங்கு. 300 ஓம் ஹெட்போனுக்கு அது சரி. இதே காலத்தில்தான் இன்னொரு பக்கம் வேறு ஒன்று நடந்தது. காது கேளாதோர் கருவிகளுக்காக 1946 முதல் நோல்ஸ் கம்பெனி குட்டி பேலன்ஸ்டு ஆர்மேச்சர்களைச் செய்து வந்தது. அந்தத் தொழில்நுட்பம் இசைக்குத் தாவியது. 1991ல் எடிமோட்டிக் கம்பெனியின் இ.ஆர்-4 வந்தது. 1995ல் ஜெர்ரி ஹார்வி மேடைப் பாடகர்களுக்கும் டிரம்மர்களுக்குமாக அல்டிமேட் இயர்ஸ் தொடங்கினார். பால்டுவினின் தராசு முள் மறுபடி காதுக்கு வந்துவிட்டது! நிலைமை தலைகீழ். 1924ல் சக்தி இல்லை, அதனால் நுண்ணிய ஹெட்போன். இப்போது நுண்ணிய இயர்போனும் இருக்கிறது, வேண்டிய அளவு சக்தியும் இருக்கிறது. 300 ஓம்காரர்களுக்காகப் பிறந்த டப்பாவை 16 ஓம்காரர்கள் தலையில் கட்ட ஆரம்பித்தார்கள் வியாபாரிகள்.

மறுபடி கணக்கு. இன்றைய நுண்ணிய இயர்போன்கள் சில ஒரு மில்லிவாட்டுக்கு 115 டெசிபல் வரை தருகின்றன. 16 ஓம் என்றால் அதற்கு 0.126 வோல்ட் போதும். நாம் நிதானமாகக் கேட்கும் 75 டெசிபலுக்கு? 1.26 மில்லிவோல்ட்! ஒரு மைக்ரோவாட்டில் பத்தில் ஒரு பங்கு. கிரிஸ்டல் செட்டே தாராளமாகக் கொடுத்துவிடும் சக்தி இது. இதற்கு எந்த ஆம்ப்ளிபையர் வேண்டும்?

சக்தி பிரச்சனை இல்லை என்றால் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் இரைச்சல். ஆம்ப்ளிபையரின் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்றால் அந்த இயர்போனில் அது 33 டெசிபலாகக் கேட்கும். ராத்திரி எங்கள் ஊர் அமைதியில் தெளிவாக "உஸ்" என்று கேட்கும் அளவு அது. 2 மைக்ரோவோல்ட் என்றால் 19 டெசிபல், பெரும்பாலும் கேட்காது. பெட்டியின் மேல் எத்தனை மில்லிவாட் என்று பெரிதாக அச்சடிக்கிறவர்கள் இந்த எண்ணை அச்சடிப்பதே இல்லை, இதுதான் எனக்கு எரிச்சல்.

அடுத்தது, வெளியீட்டு மின்தடை. ஆர்மேச்சர் இயர்போனின் மின்தடை ஒரே மாதிரி இருக்காது. ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று ஏறி இறங்கும். ஆம்ப்ளிபையரின் உள்தடை 10 ஓம் என்றால் இந்த இரண்டுக்கும் இடையே 5 டெசிபல் வித்தியாசம் வந்துவிடும். வயலின் ஓங்கும், குரல் அமுங்கும். உள்தடை 1 ஓம் என்றால் வித்தியாசம் 0.8 டெசிபல்தான். இயர்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. 2011ல் தன் பெயரைச் சொல்லாமலே ஒருவர் "ஓ2" என்ற ஆம்ப்ளிபையரின் வரைபடத்தை அளவீடுகளோடு இலவசமாக வெளியிட்டார். அதன் உள்தடை 1 ஓமுக்கும் கீழே. அதற்குப் பிறகுதான் இந்த எண்களைக் கேட்கும் பழக்கமே பரவலானது. மனிதர் அடுத்த வருடமே காணாமல் போய்விட்டார், யார் என்று இன்றுவரை தெரியாது!

பெருக்கமும் முக்கியம். 11 மடங்குப் பெட்டியில் இந்த இயர்போனை மாட்டினால் வால்யூம் திருகு ஆரம்பத்தில் மயிரிழை திரும்பியதுமே காது கிழியும். அந்த ஆரம்ப இடத்தில்தான் திருகின் இடது வலது சமமாக இருக்காது. என் நண்பன் ஒருவன் ஒரு மாத ஓவர்டைம் பணத்தில் வாங்கிய பெட்டியில் இடது காதில் மட்டும் பாட்டு கேட்டது இதனால்தான். சூ மோய் சர்க்யூட்டை நீங்களே செய்கிறீர்கள் என்றால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 1 கிலோ ஓம் போடுங்கள், பெருக்கம் 2 ஆகிவிடும்.

2016ல் ஐபோனில் இருந்து ஹெட்போன் துளையை எடுத்துவிட்டார்கள். அந்த போனின் உறைப் பாகங்கள் ஓசூருக்குப் பக்கத்திலேயே டாடா எலக்ட்ரானிக்ஸில் தயாராகின்றன என்பது வேறு விஷயம். துளை போன பிறகு, வயருக்கு நடுவே தொங்கும் ஒரு குட்டி டாங்கிளே ஆம்ப்ளிபையர் ஆகிவிட்டது. நல்ல டாங்கிளின் உள்தடை 1 ஓம் அளவுதான், இரைச்சலும் குறைவு. என் நண்பர்களுக்கு நான் சொன்னது இதைத்தான்.

இன்னொன்றும் சொன்னேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். எட்டு மணி நேரம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்றவன் காது ஏற்கனவே களைத்திருக்கும். அதற்கு மேல் பஸ் இரைச்சலை மீறிப் பாட்டு வைத்தால் அந்த 4 மணி இரண்டே நாளில் தீர்ந்துவிடும். காதில் சரியாகப் பொருந்தும் ரப்பர் முனை வெளிச்சத்தத்தை 20 டெசிபலுக்கும் மேல் குறைக்கும், அந்த அளவு வால்யூமையும் குறைத்துக் கொள்ளலாம். மூவரில் இரண்டு பேர் ஆம்ப்ளிபையர் யோசனையை விட்டுவிட்டு வேறு அளவு ரப்பர் முனைகள் வாங்கினார்கள். மூன்றாமவன் 300 ஓம் ஹெட்போனே வாங்கிவிட்டான், அவனுக்கு மட்டும் இந்தப் பொங்கல் லீவில் நான் டப்பா செய்து தரவேண்டும்.